வரைபடத்துப் படைகள்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதனைப் பற்றி எழுதுவதென யாம் நெடிது சிந்திக்கவில்லை. கல்லூரி அன்னையின் சிறப்பையும் ஆசான்மாரின் பெருமையையும் எம்மினும் திறம்பட எழுத வல்லார் பலர் உளர். துடுப்பாட்டத்தைப் பற்றி எழுதுவார்க்கோ பஞ்சமே இல்லை. யாம் நாற்பது ஆண்டுகளாகப் படவரைஞராகத் தொழில் புரிந்தோம். அறிந்தது கோடு வரைதல் ஒன்றே. ஆதலின், கணினியில் வரையும் இக்கால இளைஞர் ‘லேயர்’ என்று வழங்கும் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதத் துணிந்தோம். விஞ்ஞான பாடத்தில் ஓசோன் படையைப் பற்றிக் கற்ற மாணவர்க்கு, அதனைப் ‘படை’ என்று கூறின் எளிதில் விளங்கும்.

படை என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இட்ட கண்ணாடித் தாள் என்றே இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் கைவரைவுக் காலத்து எச்சமாகும். யாம் 1978இல் தொழிலிற் புகுந்தபொழுது, ட்ரேசிங் கடதாசியை மேசைமீது விரித்து இந்திய மையால் வரைந்தோம். பொறியியலாளர் மனம் மாறினால், வரைந்த கோட்டைச் சவர அலகினால் மெல்லச் சுரண்டி எடுத்தோம். பின்னர் வளைகுடா நாடொன்றிற் பணியாற்றிய அலுவலகத்திலேதான் வேறு வகை கண்டோம். ஆங்குச் சுவர்களை ஒரு பொலியெஸ்ரர் தாளிலும், மின்கம்பிகளை மற்றொன்றிலும், நீர்க்குழாய்களை வேறொன்றிலும் வரைவர். தாள்களின் விளிம்பில் இட்ட துளைகளைக் குமிழ்கள் பொருந்திய பட்டையொன்றிற் கொளுவினால், அவை இம்மியும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்று அமையும். மின்வேலை செய்வார்க்குச் சுவர்த் தாளும் மின் தாளும் சேர்த்துப் படி எடுத்துக் கொடுப்பர். குழாய் பொருத்துவார்க்குச் சுவர்த் தாளும் குழாய்த் தாளும். சுவரை இருமுறை வரைய வேண்டிய தேவை இல்லாது போயிற்று.

1963இல் ஐவன் சதர்லாந்து என்னும் அறிஞர், ஒளிப்பேனாவைக் கொண்டு கணினித் திரையில் வரையும் ‘ஸ்கெச்பாட்’ என்னும் முறையை ஆக்கினார். சிறு கணினிகளிலே இயங்கும் ஓட்டோகாட் 1982 டிசெம்பரில் வெளிவந்தது. அஃது எம் அலுவலகத்தை 1989இல் அடைந்தது. குமிழ்ப் பட்டை அலுமாரிக்குட் புகுந்தது. ஆயின் தாளைப் பற்றிய எண்ணம் மட்டும் எம்முடன் பணியாற்றினாரை விட்டு அகலவில்லை.

உண்மையில் ஓட்டோகாட்டிற் படை தாளன்று. ஒவ்வொரு கோடும் வட்டமும் எழுத்தும் தன்னுடன் சுமந்து செல்லும் பெயரே படையாகும். எம் கல்லூரி இல்லங்களை இதற்கு ஒப்புக் கூறலாம். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அருகருகே இருக்கும் மாணவர் இருவர் வெவ்வேறு இல்லத்தவராயிருப்பர். விளையாட்டுப் போட்டி நாளன்று அவரவர் இல்லத்து நிறத்தை அணிவர். ஒரு மாணவனை வேறோர் இல்லத்துக்கு மாற்றினால் அவன் வாங்கிலிருந்து எழுந்து செல்வதில்லை; சட்டையின் நிறமே மாறும். அதுபோல ஒரு கோட்டைச் சுவர்ப் படையிலிருந்து வேலிப் படைக்கு மாற்றினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நிறத்தைப் படையே தருமாறு விட்டிருந்தால் நிறமும் உடன் மாறும். சிலர் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியே நிறம் தீட்டிவிடுவர். அவ்வாறு தீட்டிய படத்தைப் பெற்றுத் திருத்த வேண்டியவர் படும் பாட்டை யாம் விரித்துரைக்கப் போவதில்லை.

எல்லா வரைபடத்திலும் பூச்சியம் என்னும் பெயருடைய படையொன்று உண்டு. அதனை அழிக்கவும் இயலாது; பெயர் மாற்றவும் இயலாது. அதில் வரைந்து ஒரு தொகுதியாகக் கட்டிய கதவோ மரமோ, எந்தப் படையிற் கொண்டு வைக்கின்றோமோ அந்தப் படையின் நிறத்தை ஏற்கும். வேறு படையில் வரைந்து கட்டியதோ தன் பழைய படையை விடாது பற்றி நிற்கும். ஆதலின் பூச்சியப் படை தொகுதி செய்வதற்கே உரியது. அனைத்தையும் அதிலே கொட்டி வைப்பவர் பலர். ‘டெஃப்பொயின்ற்ஸ்’ என்னும் படையும் உண்டு. அளவுக் கோடுகள் இடும்போது அது தானே தோன்றும். அதிலுள்ளது திரையிலே தெரியும், அச்சிலே வாராது. தூண்கள் யாவும் அந்தப் படையில் இருந்தமையால், அச்சிட்ட தாளிலே தூணில்லாக் கூரையொன்றைக் கண்டு ஓர் அலுவலகம் முழுவதும் ஒரு மாலைப்பொழுது திகைத்திருந்ததை யாம் கண்டதுண்டு.

‘இன்க்ஸ்கேப்’ போன்ற ஓவிய மென்பொருள்களின் இயல்பு வேறு. அவற்றிற் படைகள் மெய்யாகவே மேலும் கீழுமாக அடுக்கப்பட்டவை. மேற்படையிலுள்ளது கீழுள்ளதை மறைக்கும். ஒரு பொருளை மேற்படைக்கு ஏற்றினால், இடம் மாறாவிடினும் காட்சி மாறும். ஓட்டோகாட்டிலோ எது எதனை மறைப்பது என்பதற்கும் படைக்கும் தொடர்பில்லை. அதற்கு வேறு கட்டளை உண்டு. ஒன்றிற் பழகி மற்றொன்றுக்கு வருவோர் முதலில் இடறுவது இவ்விடத்தேதான்.

இனி, படையை மறைத்தல் பற்றிச் சிறிது விரித்துக் கூற வேண்டும். படையை அணைக்கலாம், உறையச் செய்யலாம், பூட்டலாம். பூட்டிய படை கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது. அணைத்த படையும் உறைந்த படையும் கண்ணுக்குத் தெரியா. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. ‘அனைத்தையும் தெரிவு செய்’ என்று கட்டளையிட்டு அழித்தால், அணைத்த படையிலுள்ளவையும் கண்காணாமலே அழிந்துபோம், உறைந்தவை தப்பும். உறையச் செய்யும் வழக்கம் பழைய கணினிகளிற் பெரிதும் பயன்பட்டது. படம் மீண்டும் திரையில் எழுவதற்குள் ஒரு கோப்பை தேநீர் அருந்தி முடித்துவிடலாம். உறைந்த படைகளை அக்கணினி பொருட்படுத்தாது விடுவதால் வேலை விரையும். இற்றைநாட் கணினிக்கு அத்துணை இடர் இல்லை. வழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அவ்வழக்கத்தினால் நேர இருந்த தீங்கொன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், எம் குடாநாட்டில் வீடொன்று கட்டுவதற்கான படத்தை ஓர் அலுவலகத்தினர் வரைந்தனர். நில அளவையாளர் கொடுத்த படத்தில் எல்லையும் மரங்களும் அயற்காணிக் கிணறும் ஒரே படையில் இருந்தன. திரையில் நெருக்கமாயிருக்கிறதென அப்படையை உறையச் செய்துவிட்டு, எல்லைக் கோட்டை மட்டும் வேறாக வரைந்துகொண்டனர். மலக்குழிக்கும் முதலில் ஓர் இடம் குறித்தனர். பின்னர் வீட்டுக்காரர் வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்றார். வீட்டையும் குழியையும் ஒருங்கே தெரிவு செய்து, 6 மீற்றர் மேற்கே நகர்த்தினர். படம் பார்வைக்கு மிக ஒழுங்காயிருந்தது. அச்சிட்டனர், கையொப்பமும் ஆயிற்று.

குழி தோண்ட வந்த மேசன் தாளைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஐயா, வேலிக்கு அங்காலை கிணறு இருக்கெல்லோ? சின்னனிலை நான் அந்தத் தண்ணியைக் குடிச்சு வளந்தனான்” என்றார். எம்மை அவ்வீட்டுக்காரர் அழைத்தது அன்று பிற்பகலிலேயே. நாடா பிடித்து அளந்தோம். கிணற்றுக்கும் குழி தோண்டக் குறித்த இடத்துக்கும் இடையே 7 மீற்றர்தான் இருந்தது.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத எம் குடாநாட்டுக்கு நிலத்தடி நீரே உயிர். கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மணற்பாங்கான நிலம் போல அஃது அழுக்கை வடிகட்டித் தாராது. குழியிலிட்டது அயலாரின் வாளியில் ஏறுவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. கிணறு திரையிலே இல்லாது போயினும் நிலத்திலே இருந்தது. கோப்பிலும் இருந்தது என்பதே எம்மை மிக வருத்தியது. அலுவலகத்திற்குச் சென்று அப்படையை உருக்கச் சொன்னோம். ஒரு விசையழுத்தத்தில் வட்டமும் கட்டும் துலாவும் அவை இருந்த இடத்திலேயே தோன்றின. வரைந்த இளைஞன் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு குழியைக் கிழக்கு மூலைக்குத் தானே மாற்றினான். கிணற்றுக்கெனப் புதுப் படையொன்று வகுத்து, அதனைப் பூட்டினான்.

மேசனுக்கு அன்றைய கூலி முழுதும் கொடுக்கப்பட்டது. அயல்வீட்டாருக்கு இச்செய்தி இன்றளவும் தெரியாது.