பூன் லேயில் ஒரு பட்டிமன்றம்

பள்ளி விடுமுறை விட்டால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. இம்முறை போனது தூர தேசம் அல்ல. ஜொகூரிலிருந்து இரண்டாவது பாலத்தைக் கடந்து, ஜூரோங் ஈஸ்ட்டில் பஸ்ஸை விட்டிறங்கி ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பூன் லே. அங்கேதான் என் அக்கா குடும்பம் இருக்கிறது.

சிங்கப்பூர் என்றதும் நமக்குச் சிராங்கூன் சாலையும் வீரமாகாளியம்மன் கோயிலும் தேக்கா மார்க்கெட்டும்தான் கண்ணுக்குள் வரும். பூன் லேக்குச் சுற்றிப் பார்க்க யாரும் வருவதில்லை. இது வேலைக்குப் போகிறவர்களின் ஊர். 1961-இல் சதுப்பையும் குன்றையும் சமப்படுத்தி ஜூரோங் தொழிற்பேட்டையைத் தொடங்கினார்கள். அங்கே வேலை செய்ய வந்தவர்களுக்காக எழுந்த அடுக்குமாடிகள் இங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. 1990-இல் ரயில் வந்தபோது மேற்கே கடைசி நிலையம் இதுதான். 2009-இல்தான் பாதை இன்னும் மேற்கே நீண்டது.

ஊருக்குப் பெயர் வந்த கதை நமக்கு நெருக்கமானது. சியூ பூன் லே என்ற சீனச் செல்வந்தருக்கு இந்தப் பக்கம் பெரிய நிலம் இருந்தது. அதில் மிளகும் பின்னர் ரப்பரும் பயிரிட்டார். அக்காள் புருஷனான மாமா, வாலிபத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டுக் கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர். "பால் மரத்தை விட்டு ஓடி வந்து, பால் மரம் நின்ன இடத்துலயே குடியேறிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அன்று மாலை பூன் லே பிளேஸ் சந்தையில் வரிசை பிடித்து நாசி லெமாக் பொட்டலங்கள் வாங்கி வந்தோம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில்தான் சண்டை மூண்டது. காரணம், அக்கா மகள் அண்மையில் பார்த்த 'விக்கிட்' படம். அது முதலில் மேடை நாடகம். நியூயார்க்கின் பிராட்வே வட்டாரத்தில் 2003 முதல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை நிறத்தோடு பிறந்ததற்காக ஊர் ஒதுக்கி வைத்த ஒரு பெண்ணின் கதை. 2011 டிசம்பரில் சிங்கப்பூருக்கும் வந்து மரினா பே சாண்ட்ஸ் அரங்கில் நடந்தது.

"இவ்வளவு பெரிய நாடகத்துக்கு 2004-இல் டோனி விருது கொடுக்கலையாம் சித்தி!" என்றாள்.

டோனி என்பது பிராட்வே நாடகங்களுக்கு 1947 முதல் ஆண்டுதோறும் தரப்படும் பெரிய விருது. நாடகத் தொழிலோடு தொடர்புடைய சில நூறு பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆண்டு சிறந்த இசை நாடகத்துக்கான போட்டியில் நான்கு நாடகங்கள் நின்றன. 'விக்கிட்'டுக்கு நடிகை, அரங்க அமைப்பு, உடை என்று மூன்று விருதுகள் கிடைத்தன. முதல் பரிசு 'அவென்யூ கியூ' என்ற சின்ன நாடகத்துக்குப் போனது.

"கொடுத்தது சரிதான்" என்று குறுக்கே பாய்ந்தான் அக்கா மகன். "இது ஒரு கோடியே நாப்பது லட்சம் டாலர் செலவு. அது முப்பத்தஞ்சு லட்சம்தான். பொம்மையைக் கையில் மாட்டிக்கிட்டு, ஆளும் மறையாம மேடையில் நின்னே ஜெயிச்சாங்க."

'அவென்யூ கியூ' ஒரு வகைப் பொம்மலாட்டம். பிள்ளைகளுக்கு ஆகாத பேச்சும் அதில் உண்டு. படித்துப் பட்டம் வாங்கிய இளைஞன் நல்ல தெருவில் வாடகை கட்ட முடியாமல், ஒவ்வொரு தெருவாகத் தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு மலிவான தெருவில் குடியேறும் கதை.

இந்த இடத்தில் மாமா தட்டைக் கீழே வைத்தார். "நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் இசையில 'பாம்பே ட்ரீம்ஸ்' அதே வருஷம் அங்கே நடந்துச்சே, அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?"

அவர் சொன்னது உண்மை. 2002-இல் லண்டனில் தொடங்கிய அந்த நாடகம் 2004 ஏப்ரலில் பிராட்வேக்குப் போனது. சேரிப் பையன் ஒருவன் சினிமா நட்சத்திரமாகும் கதை. நடனம், உடை, வாத்திய இசை அமைப்பு ஆகிய மூன்று பிரிவுகளில் டோனிக்குப் பரிந்துரை வந்தது. சிறந்த நாடகத்துக்கான நால்வர் பட்டியலில் அதற்கு இடமில்லை. சிறந்த பாடல் இசைக்கான பட்டியலிலும் ரஹ்மான் பெயர் இல்லை. 284 காட்சிகளோடு 2005 புத்தாண்டு நாளில் திரை விழுந்தது.

மாமா தோட்டத்துத் திருவிழா மேடையில் சந்திரமதி வேஷம் கட்டியவர். அவருக்கு நாடகம் என்றால் உயிர். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "டீச்சர் தீர்ப்புச் சொல்லட்டும்!"

சொன்னேன். "மாமா, ரஹ்மான் நம்மவர் என்பது நமக்குப் பெருமை, தீர்ப்புக்கு அது காரணம் ஆகாது. அந்த நாடகத்தில் 'முதல்வன்' படத்துப் பாட்டும் 'உயிரே' படத்துப் பாட்டும் மறுபடி வந்தன. அந்த மேடைக்கென்றே புதிதாய்ப் பிறந்த இசையோடு அதை நிறுக்கும்போது தராசு கொஞ்சம் சாயத்தான் செய்யும். மகளே, இருபது வருஷம் ஓடியது பெரிய சாதனை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் முன்னால் அந்த இருபது வருஷம் இல்லை, அந்த ஒரு வருஷம்தான் இருந்தது. தம்பி, நீயும் ரொம்பத் துள்ளாதே. உன் நாடகக்காரர்கள் 'மனசுக்குப் பட்டதற்கு ஓட்டுப் போடுங்கள்' என்று பிரசாரம் செய்து ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு, நாடகம் தங்கள் ஊருக்கும் வரும் என்று நம்பியவர்களைக் காத்திருக்க வைத்துவிட்டு லாஸ் வேகாஸ் சூதாட்ட நகருக்குப் போனார்கள். அங்கே ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு பொம்மைகளுக்குத்தான். கையில் இருந்த கொஞ்சத்தில் அதிகம் சொன்னது அதுதான்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அதுவரை வாய் திறக்காத அக்கா மெதுவாகக் கேட்டார்: "இதே மாதிரி அந்தப் பிள்ளைக்கும் காரணம் சொன்னியா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு நாடகப் போட்டியில் நான் நடுவராக உட்கார்ந்தேன். டவுன் பள்ளி ஒன்று கண்ணகி நாடகம் போட்டது. வண்ண விளக்கும், கிரீடமும், படம் வரைந்த திரையுமாக மேடை ஜொலித்தது. அடுத்து ஒரு தோட்டப் பள்ளி வந்தது. ஒரு பெஞ்சு, திரைக்குப் பதில் இரண்டு கைலி, அவ்வளவுதான். தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யும் குடும்பத்தின் கதை. பாட்டியாக நடித்த சிறுமி, வீட்டைப் பூட்டிய பிறகு சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். சபையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். அப்படியிருந்தும் நான் முதல் பரிசை விளக்குக்கும் கிரீடத்துக்கும் போட்டேன்.

பஸ் ஏறும் முன் அந்தச் சிறுமி என்னிடம் வந்தாள். "டீச்சர், எங்க நாடகத்துல என்ன குறை?"

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றேன். எல்லாம் நன்றாக இருந்தால் ஏன் தோற்றோம் என்று அவள் வாயால் கேட்கவில்லை. கண்ணால் கேட்டாள்.

நியூயார்க்கில் யாரோ யாருக்கோ கொடுத்த பரிசுக்கு மூன்று பேருக்கும் தனித்தனியாகக் காரணம் சொன்ன எனக்கு, கண்ணெதிரே நின்ற பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கவில்லை. பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் தோற்கத்தான் வேண்டும். அதில் அநியாயம் இல்லை. தோற்ற பிள்ளைக்குக் காரணம் சொல்லாமல் பஸ் ஏற்றி அனுப்புவதுதான் அநியாயம்.

மறுநாள் காலை ரயிலடிக்கு நடந்தபோது வழிகாட்டிப் பலகையில் 'பூன் லே அவென்யூ' என்று எழுதியிருந்தது. இதுவும் வாடகைக்கும் வருமானத்துக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் குடியிருக்கும் தெருதானே என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதே நோட்டுப் புத்தகத்தில் ஒரு முடிவை எழுதி வைத்தேன். இனி நடுவராக உட்கார்ந்தால், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் தோற்ற ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வரி காரணம் எழுதித் தருவேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை போட்டியில் தோற்று வந்தால் நடுவரிடம் மரியாதையோடு காரணம் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்தச் சிறுமி இப்போது பெரியவளாகியிருப்பாள். இந்தப் பக்கம் அவள் கைக்குக் கிடைத்தால் அன்றைய கேள்விக்கு இதுதான் பதில்: உங்கள் நாடகத்தில் குறை இல்லை, கண்ணு. குறை நடுவர் நாற்காலியில் இருந்தது.