கிளைடரை முறுக்கிய ஐப்பசி மழை

சுந்தரபாண்டியத்தில், தறிச் சத்தம் ஓயாத தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவன் அவன். ஆடியில் பால்சா மரத்தில் ஒரு கிளைடர் செய்தான். இன்ஜின் இல்லாத குட்டி விமானம். மலைப்பக்கமிருந்து வீசிய வறண்ட காற்றில் அம்பு மாதிரி நேராகப் பறந்தது.

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் பரணிலிருந்து எடுத்துப் பறக்கவிட்டான். வலப்பக்கமாகவே வட்டமடித்துத் தரையில் குத்தியது. மூக்கு போச்சு! தன் ஒட்டுவேலைதான் மோசம் என்று நினைத்து, குப்பையில் போடவே போய்விட்டான்.

நெசவாளரான தாத்தா வாங்கி, இறக்கையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"முறுக்கிக்கிட்டிருக்குடா. மழை நாள்ல கஞ்சி இளகிப் பாவு தொய்யும்ல... அந்தக் கதைதான்."

சரியாகத்தான் சொன்னார். ஈரத்தை உறிஞ்சும் மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இறக்கையில் ஒட்டிய டிஷ்யூ பேப்பரும் ஈரத்தில் தளர்ந்து, காயும்போது இறுகும். மேலும் கீழும் இழுவை சமமாக இல்லாவிட்டால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் போதும், விமானம் திரும்பிவிடும். பறக்கவிடும் முன் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் மூக்காவது தப்பியிருக்கும்.

இட்லிப்பானை ஆவியில் இறக்கையைக் காட்டி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்தான். இரவு முழுக்கச் சமமான பலகையில் வைத்துப் பாரம் ஏற்றினான்.

மறுநாள் நேராகப் பறந்தது. பாட்டிக்குத்தான் கோபம், அன்றைக்கு இட்லி ஒரு மணி நேரம் லேட்.