மைதானில் கிடைத்த தோழமை

கொல்கத்தா செல்லும் வாய்ப்பு அமைந்தால், விக்டோரியா நினைவு மண்டபத்தோடு திரும்பிவிடாதீர்கள். மைதான் வெளியிலுள்ள முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கால்பந்துக் கழகத்தின் ஆடுகளத்தையும் கண்டு வாருங்கள். 1891-இல் தோன்றிய அக்கழகம், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் இந்தியக் கழகம் எதுவும் அப்பட்டத்தைப் பெற்றதில்லை. 1940-இல் டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே.

இவ்வரலாற்றை எனக்கு எடுத்துரைத்தவர், மதரஸாப் பணியாக நான் அங்குச் சென்றிருந்தபோது பார்வையாளர் படிகளில் அறிமுகமான வங்காள முதியவர் ஒருவர். அரைகுறை உருதுவே எங்கள் நட்புக்குப் பாலமாயிற்று. கழகம் தோற்ற நாளிலும் மண்குவளையில் தேநீர் வாங்கித் தந்து, "ஸப்ர் வேண்டும், மௌலவி ஸாஹிப்!" என்பார்.

1981-க்குப் பின் லீக் பட்டம் அக்கழகத்திற்கு எட்டவில்லை. நாற்பதாண்டுக் காத்திருப்பு 2021 நவம்பரில் நிறைவுற்றது. அவரோ முந்திய ஆண்டே வஃபாத்தாகிவிட்டார். வெற்றிக்கு மறுநாள் தந்தையாரின் கப்ருக்குச் சென்று ஸலாம் உரைத்து வந்ததாக அவருடைய மகன் எனக்கு எழுதியிருந்தார்.

வெற்றியில் கூடுவோர் பலர். தோல்வியிலும் அருகில் அமர்ந்திருப்பவரே தோழர். அந்த மர்ஹூமுக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.