கவசமும் கதியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, கம்பனைப் பற்றியோ கந்தபுராணத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் கலைத்தவன் பத்தாந்தர மாணாக்கன் ஒருவன்.

கர்ணன் தன் கவச குண்டலங்களை இந்திரனுக்கு ஈந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "சேர், அந்தக் கவசம் எவ்வளவு பாரம்? அதைப் போட்டுக்கொண்டு எப்பிடி ஓடுறது?" பிறவியோடு வந்த கவசத்துக்குப் பாரமேது என்று விடை கூறி மேலே செல்ல முயன்றேன். அவன் விட்டானில்லை. "அப்ப ஆனையிறவில நிக்கிற புல்டோசருக்குப் பாரம் இருந்ததுதானே சேர்?" வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனையிறவைக் கடப்போர் ஏ-9 வீதியோரத்தில் அவ்வண்டியைக் காணாதிருத்தல் அரிது. நிலத்தைச் சமன்செய்யப் பிறந்த புல்டோசர் அது. அதன்மேல் இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கவச வாகனமாக்கி, 1991 யூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள் முன்னே செலுத்தினர். டாங்கி என்று ஒன்று அன்று அவர்களிடம் இல்லை. முகாமைச் சூழ்ந்த நிலமோ உப்பு வெளி. மரமில்லை, மேடில்லை, வேலியில்லை. காலாளாய்ச் செல்பவன் ஒளிந்துகொள்ள ஒரு கைப்பிடி நிழலும் கிடையாது. ஆதலின் மறைவைத் தம்மோடு கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. கோடையில் அந்த உப்புத்தரை காய்ந்து இறுகியிருக்கும், பாரவண்டியைத் தாங்கும். இவ்வளவில் கணக்குச் சரியே.

பிழைத்த இடம் வேறு. குண்டு துளைக்காத தகடு உள்ளிருப்பவன் கண்ணையும் மறைத்தது. புல்டோசரின் இயல்பான நடையே மனிதன் நடைதான். ஏற்றிய பாரம் அதைக் கூட்டவா போகிறது? ஊர்ந்து வந்த அவ்வண்டியை நெருங்கி, ஏணியைப் பற்றி ஏறி, உள்ளே கைக்குண்டை எறிந்தார் சிங்கப் படைப்பிரிவைச் சேர்ந்த காமினி குலரத்ன என்னும் போர்வீரர். வண்டி நின்றது, அவரும் மாண்டார். இராணுவத்தின் அதியுயர் விருதாகிய பரம வீர விபூஷணம் பின்னர் அவருக்கு வழங்கப்பெற்றது. உள்ளே இருந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகளே. அவ்விடம் வரும்போது பஸ்ஸிலே சிலர் படம் எடுப்பர்; சிலர் மற்றைப் பக்கத்து யன்னலை நோக்கித் திரும்பிக்கொள்வர். நான் எப்பக்கம் பார்ப்பேன் என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை.

கவச வாகனம் செய்வோர் எந்நாட்டவராயினும் இச்சிக்கலிலேதான் உழல்கின்றனர். தகட்டைத் தடிப்பாக்கினால் பாரம் கூடும். பாரத்தை இழுக்கப் பெரிய எந்திரம் வேண்டும். பெரிய எந்திரத்தை வைக்கப் பெரிய கூடு வேண்டும். அக்கூட்டை மூடவோ மேலும் தகடு வேண்டும். வட்டி கட்டுவதற்குக் கடன் வாங்கியவன் கதைதான். சென்னைக்கு அண்மையிலுள்ள ஆவடியில் உருவாகும் 'அர்ஜுன்' டாங்கியின் புதிய வகை 68 தொன். அதே இந்தியா, 2020இல் லடாக் மலைப்புறத்தில் சீனத்தோடு மோதல் மூண்ட பின்னர், 25 தொன்னளவில் 'சொராவர்' என்னும் இலகு டாங்கியை ஆக்கத் தலைப்பட்டது. இத்துணைப் பாரமான வண்டிக்கு அருச்சுனன் பெயரை வைத்தவர் பாரதத்தை எப்படிப் படித்தாரோ! கர்ணன் பெயரன்றோ பொருந்தும்.

பாரம் மட்டுமே புதைப்பதில்லை. அப்பாரம் எத்துணை இடத்திற் பரவுகிறது என்பதே காரியம். சேற்றிலே பலகையிட்டு நடந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 36 தொன் எடையுள்ள ரி-55 டாங்கி, தன் சங்கிலிப் பட்டைகளின் அகலத்தால், தரையின்மேல் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோவிலும் குறைந்த அழுத்தத்தையே வைக்கிறது. அதிற் கால்வாசிப் பாரமுள்ள லொறியின் சக்கரம் அதைவிடப் பன்மடங்கு அழுத்தும். டாங்கி கடந்த சேற்றில் லொறி புதைவது இதனாலேதான்.

எங்கள் ஊரார் 'பவள்' என்று அழைத்த வண்டியின் கதை இன்னொரு விதம். தென்னாபிரிக்காவில் 1970களில் கண்ணிவெடிக்கென்றே ஆக்கப்பட்ட 'பஃபல்' அது. 1980களில் இலங்கைக்கு வந்தது. அதனைத் தழுவி இலங்கை இராணுவத்தினரே 'யுனிகோர்ன்', 'யுனிபஃபல்' என்பவற்றைச் செய்தனர். அதன் அடி வள்ளத்தின் அடிபோலக் கூம்பியிருக்கும். வெடியின் வேகம் நேரே முட்டாமல் இருபுறமும் வழுகிப் போய்விடும். தடிப்பினால் அன்றி வடிவினால் வந்த காவல். அதற்கும் ஒரு விலை உண்டு. அடி கூம்பினால் வண்டி உயரும். உயர்ந்தது, மேடுபள்ளத்தில் விரைந்து திருப்பினால், குடைசாயும். 1996இல் நாம் ஊர் திரும்பியிருந்த காலத்தில், ஒழுங்கை மதிலுக்கு மேலாக முதலில் அதன் தலை தெரியும். தெரிந்த மறுகணம் வீட்டுக்குள் ஓடிவிடுவோம். அடிவடிவின் நுட்பத்தை வியக்க அன்று மனம் ஏது?

இவற்றிலே தமிழாசிரியன் சொல்வதற்கு என்ன கிடக்கிறது என்று கேட்கலாம். ஒன்று உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். ஏனையவெல்லாம் அவற்றின் பின்னரே. கவசத்தையும் கதியையும் தராசில் நிறுப்போர் மறப்பது அந்த முதற்பொருளையே. 1965 செப்ரெம்பரில், பஞ்சாப்பின் அசல் உத்தர் என்னும் ஊரை நோக்கிப் பாகிஸ்தானின் பற்றன் டாங்கிகள் வந்தன. ஏறத்தாழ 45 தொன் பாரம். கவசத்தில் யாதொரு குறைவுமில்லை. இந்தியப் படையினர் கரும்பு வயல்களில் நீரைப் பாய்ச்சி வைத்திருந்தனர். சேற்றிலே அகப்பட்ட டாங்கிகள் பல அழிந்தன, பல கைவிடப்பட்டன. 1971இல் ஆறுகள் பின்னிக் கிடக்கும் கிழக்கு வங்கத்திற்கு இந்தியர் கொண்டுசென்றவற்றுள் பி.ரி.-76 என்னும் சிறு டாங்கியும் ஒன்று. தகடு மெல்லியது, ஆனால் நீந்தும். அந்நிலத்தில் அதற்கு அதுவே பெருமையாயிற்று.

இக்கணக்கை நான் முதலிற் கற்றது நூலிலன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே நான்கடி நகர்வதற்கு நாழிகைகள் சென்றன. ஐயாவின் சைக்கிளில் அரிசிச் சாக்கு, அம்மாவின் தையல் மெசின், என் புத்தகக்கட்டு, காணி உறுதிகள் வைத்த தகரப்பெட்டி ஆகியன இருந்தன. நாளைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆதலால் இன்றைக்கு அது நகரவில்லை. வெறுங்கையோடு வந்தவர்கள் வீதியை விட்டிறங்கி வெளியூடாகச் சென்றனர். நாம் இறங்கினால் சக்கரம் புதையும். எமக்கு வீதியே கதி.

ஐயா நெடுநேரம் நின்றார். பின்பு கயிற்றை அவிழ்த்தார். முதலில் தையல் மெசின் இறங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மழை படாதபடி அதன்மேல் ஒரு பொலித்தீனை மட்டும் விரித்துவிட்டார். அடுத்து என் புத்தகங்கள். அரிசியிலும் பாதி. தகரப்பெட்டியில் ஐயா கைவைத்தபோதுதான் அம்மா வாய் திறந்தார்: "அது என்னோட வரட்டும்." அதைத் தலையிலே வைத்துக்கொண்டு எமக்கு முன்னே வெளியில் இறங்கினார்.

அவ்வுறுதிகளுள் ஒன்று அம்மாவின் சீதனக் காணிக்குரியது. முகமாலையில் ஒரு தென்னந்தோட்டம். 2000ஆம் ஆண்டின் பின் அவ்வூர் போரின் முன்னரங்காயிற்று. 2006 ஒக்ரோபரில் டாங்கிகளோடு அவ்வழியே முன்னேற முயன்ற இராணுவம் பேரிழப்போடு திரும்பிற்று. போர் 2009இல் முடிந்தது. காலாளுக்கென்றும் வாகனத்துக்கென்றும் புதைத்தவை மண்ணிலே கிடந்தன. ஹலோ டிரஸ்ட் நிறுவனத்தார் அங்கே கண்ணிவெடி அகற்றுவதற்குக் கவசமிட்ட மண்வாரி இயந்திரங்களையும் பயன்படுத்தினர். அவற்றுக்குத் தகட்டைத் தடிப்பாக்குவதில் தயக்கம் வேண்டியதில்லை. துரத்துவாரும் இல்லை, துரத்தப்படுவாரும் இல்லை. இயந்திரம் மண்ணை அள்ளும், பரப்பும், பின்வாங்கும். பின்னர் மனிதர் வந்து துழாவுவர்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாதி மாதத்தில், அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். சிவப்புத் தடிகள் நட்ட எல்லைக்கு இப்பால் நின்று, தொலைவில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த இயந்திரத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, அருகில் நின்ற மேற்பார்வையாளரிடம் கேட்டார்:

"தம்பி, மாரிக்கு முன்னம் இது எங்கட கிணத்தடி மட்டும் வந்திடுமோ?"

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.