கேட்க மறந்த கேள்வி

நுழையும்முன்

நோய்கள் பலவும் வலியாலோ காய்ச்சலாலோ தம் வரவை அறிவிக்கின்றன. உயர் இரத்த அழுத்தமோ ஓசையின்றி வந்து உடலுள் தங்கிவிடுகிறது. அதனைத் தம் உடலில் கண்டறிந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவக் கட்டுரை இது.



மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, புனே நகரில் உள்ள நம் பள்ளியில் மருத்துவ முகாம் நடைபெற்றது. மாணவர்களைப் பார்த்து முடித்த மருத்துவர் ஆசிரியர்களையும் அழைத்தார். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். கருவி 152/96 என்று காட்டியது. சற்று நேரம் அமரச் செய்து மீண்டும் அளந்தார். எண்கள் மாறவில்லை. அடுத்த வாரம் மருத்துவமனையில் அளந்தபோதும் அதே நிலைதான்.

"தலைவலி, மயக்கம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லையே" என்றேன்.

"பலருக்கும் இது அப்படித்தான் இருக்கும். உங்கள் பெற்றோருக்கு இந்நோய் உண்டா?"

அக்கேள்வி என் நெஞ்சைத் தைத்தது. பட்டுக்கோட்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் தந்தை உழவர். "வயலில் இறங்கி உழைப்பவனுக்கு நோய் எங்கிருந்து வரும்?" என்பார். அவர் ஒருநாளும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்ததில்லை. ஒரு விடியற்காலையில் அவருடைய வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. செய்தி கேட்டு நான் புகைவண்டியில் ஊர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு நாள்கள் கழிந்துவிட்டன. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டது என்றும், பல்லாண்டுகள் கவனிக்கப்படாத உயர் அழுத்தமே காரணமாகலாம் என்றும் அங்கிருந்த மருத்துவர்கள் கூறினர். வாரந்தோறும் தொலைபேசியில் நெல் விலையையும் மழையையும் பற்றிக் கேட்ட நான், "அழுத்தம் பார்த்தீர்களா அப்பா?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கருவி காட்டும் இரண்டு எண்களின் பொருளை முதலில் அறிந்துகொள்வோம். இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது குழாய்ச் சுவர்மீது ஏற்படும் அழுத்தமே மேல் எண். இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது இருப்பது கீழ் எண். பெரியவர்களுக்கு 120/80 என்பதை ஒட்டி இருப்பது நலம். பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம்.

மருத்துவர் எனக்கு நாளும் ஒரு மாத்திரை தந்தார். உணவில் உப்பைக் குறைக்கச் சொன்னார். வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடக்கவும் சொன்னார். "நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்" என்றார். பர்வதி மலையின் 103 படிகள் எனக்குத் துணையாயின. முதல் வாரம் நான்கு இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன். நடக்கும்போது மேல் எண் உயரத்தான் செய்யும். ஆனால், உழைக்கும் தசைகளில் உள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. அதனால், ஓய்ந்த பின்பு சில மணி நேரம் அழுத்தம் முன்னிருந்ததைவிடத் தாழ்ந்து நிற்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்தால் அத்தாழ்வு நிலைபெறத் தொடங்குகிறது.

அத்துடன் நான் நிற்கவில்லை. புனேயின் பழைய மல்யுத்தக் கூடங்களில் இளைஞர்கள் தண்டால், பஸ்கி எடுப்பதைக் கண்டு எனக்கும் ஆசை வந்தது. கனமான இரும்புக் குண்டுகளை வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினேன். கண் இருண்டது, சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்தேன். மருத்துவர் கடிந்துகொண்டார். 1985 ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆய்வாளர்கள், பளு தூக்கும் பயில்வான்களின் இரத்தக்குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை அளந்தனர். கால்களால் பெரும்பளுவைத் தள்ளியபோது ஒருவருக்கு அது 480/350 வரை சென்றது! பளுப்பயிற்சியும் நாளடைவில் அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். ஆனால், பளு குறைவாக இருக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

மூன்றாவது பயிற்சியை நம் உடற்கல்வி ஆசிரியர் காட்டினார். முதுகைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல் முழங்காலை மடக்கி, அசையாமல் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். சிறிது ஓய்வுக்குப் பின் மீண்டும் செய்ய வேண்டும். இவ்வாறு நான்கு முறை, வாரத்தில் மூன்று நாள். அதைக் கண்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்குத் தரும் தண்டனை அல்லவா இது?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். இறுகிய தசை தளரும்போது இரத்தம் பெருகிப் பாய்ந்து குழாய்களை விரியச் செய்கிறது. 2023 இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இவ்வகை அசையாப் பயிற்சி மேல் எண்ணைச் சராசரியாக 8 அளவு குறைத்தது. நடை, ஓட்டம் போன்றவை 4 முதல் 5 வரை குறைத்தன. எனினும் நான் நடையைக் கைவிடவில்லை. நடை இதயத்திற்கும் நுரையீரலுக்கும் வலிமை தருகிறது, சர்க்கரையையும் கட்டுப்படுத்துகிறது. மருத்துவரைக் கேட்டே சுவர்ப் பயிற்சியைத் தொடங்கினேன். இங்கும் மூச்சை அடக்குவதில்லை.

இன்று என் அழுத்தம் 128/82. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. எண் குறைந்ததும் தாமாக மாத்திரையை நிறுத்துவோர் பலர், அது பெருந்தவறு. பயிற்சி மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

என் தந்தை இப்போது கோலூன்றி வாசலிலிருந்து தோப்பு வரை நடக்கிறார். ஞாயிறுதோறும் நான் கேட்பதற்கு முன்பே, "மாத்திரை போட்டுவிட்டேன், 130 இருக்கிறது" என்கிறார்.

மாணவர்களே, உங்கள் தாத்தாவும் பாட்டியும் தொலைவில் இருக்கிறார்கள். அவர்களோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று கேள்விகளைத் தமிழில் கேளுங்கள்: "அழுத்தம் பார்த்தீர்களா? மாத்திரை போட்டீர்களா? இன்று நடந்தீர்களா?" நான் காலம் கடந்து கற்ற கேள்விகள் இவை. நீங்கள் இன்றே கேட்கலாம்.

சிந்தித்து எழுதுக

1. ஆசிரியர் மூச்சை அடக்கிப் பளு தூக்கியது ஏன் தவறு?
2. நடைக்கும் சுவர்ப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. உங்கள் தாத்தா அல்லது பாட்டியுடன் பேசிய உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.