18 பம்பு... 18 தடவை 25!

ஒரு கேள்வி பாஸ். ஃப்ரெண்டுக்காக அட்டெண்டன்ஸ்ல ப்ராக்ஸி கொடுத்திருக்கீங்களா? நான் கொடுத்திருக்கேன். மூணு வருஷத்துல மூணு குரல்ல 'எஸ் சார்' சொல்லப் பழகியாச்சு. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்குள்ளேயும் என் கூடவே வந்துட்டதுதான் இப்போ சொல்லப்போற விஷயம்.

நான் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். 'அப்படின்னா நீ டாக்டரா, இன்ஜினீயரா?'னு கல்யாண வீட்டுல கேட்பாங்களே, அதே கோர்ஸ்தான். வென்டிலேட்டர், மானிட்டர், பம்புனு ஆஸ்பத்திரி மெஷின்கள் ஒழுங்கா ஓடுதானு பார்க்கிற வேலை. லீவுல நாலு வாரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எங்க அஞ்சு பேருக்கு ட்ரெய்னிங். ஹெச்.ஓ.டி. லெட்டர் மேல லெட்டர் போட்டு வாங்கிக் கொடுத்த இடம்.

முதல் வாரமே எங்க செட் தன் சுயரூபத்தைக் காட்ட ஆரம்பிச்சது. ஒருத்தன் பத்தரைக்கு வந்து ஒன்பதுனு கையெழுத்துப் போட்டான். இன்னொருத்தன் ஐ.சி.யூ.வுக்குள்ளே மாஸ்க்கை இறக்கிவிட்டு செல்ஃபி எடுத்தான். பின்னாடி மானிட்டர்ல நோயாளியோட பேரு பளிச்சுனு தெரியுது! வெளியே அவங்க வீட்டு ஆளுங்க சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. உள்ளே இவர் போஸ் கொடுக்கிறார். "அழிடா"ன்னேன். அழிச்சான். 'ஓவரா சீன் போடாதே'னு எனக்கு ஒரு திட்டும் விட்டான்.

அதை விடுங்க. மேட்டருக்கு வரேன்.

இன்ஃப்யூஷன் பம்ப் தெரியுமா? மணிக்கு இத்தனை மில்லினு செட் பண்ணினா, மருந்தை அதே அளவுல நரம்புக்குள்ளே ஏத்துற மெஷின். ரத்த அழுத்தம் விழாம தாங்கிப் பிடிக்கிற மருந்துகூட ஐ.சி.யூ.வில் பம்பு வழியாத்தான் போகுது. அளவு குறைஞ்சா பிரஷர் இறங்கும், கூடினா எகிறும். அதனால அப்பப்போ சரிபார்க்கணும். மணிக்கு 100 மில்லினு வெச்சு, சலைனை ஒரு அளவு ஜாடியில விட்டு, 15 நிமிஷம் ஸ்டாப்வாட்ச் பிடிச்சா 25 மில்லி வரணும். எங்களுக்குச் சொல்லியிருந்த வரம்பு 5 சதவீதம். அதாவது 23.75-லேர்ந்து 26.25 வரைக்கும் பாஸ்.

லிஸ்ட்ல 18 பம்பு. தலா 15 நிமிஷம்னா நாலரை மணி நேரம் சொட்டு விழறதையே பார்த்துக்கிட்டு நிக்கணும். உலகத்துலயே போரடிக்கிற வேலை இதுதான், சத்தியமா!

என் ஜோடி பத்து நிமிஷத்துல முடிச்சுட்டான். ஷீட்டை நீட்டி, "சைன் பண்ணு மச்சி, கேன்டீன் போலாம்"னான். பார்த்தேன். 18 கட்டத்துலயும் 25. அளக்கவே இல்லைனு எனக்குத் தெரியும். ஆனாலும் 'சரிபார்த்தவர்'ங்கிற இடத்துல கையெழுத்துப் போட்டேன். ப்ராக்ஸி மாதிரிதான்... கை தானா போயிடுச்சு.

மறுநாள் இன்சார்ஜ் சார் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "எல்லாமே சரியா 25-ஆ? நான் அளந்து இப்படி வந்ததே இல்லையே"ன்னார். அப்புறம் பதினொண்ணாம் நம்பர் பம்பைக் காட்டச் சொன்னார். அது இல்லை. முந்தின வாரமே சர்வீஸுக்குப் போயாச்சாம்!

அவன் என்னைப் பார்த்தான். 'சமாளி'ங்கிற பார்வை. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. கடைசியில, "நாங்க அளக்கலை சார்"னுட்டேன்.

சார் கத்தலை. ஷீட்டைக் கிழிக்கவும் இல்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, 'அளக்கவில்லை'னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். "இந்த ரெஜிஸ்டரை நம்பித்தான் சிஸ்டர் பம்பை மாட்டுவாங்க தம்பி. உங்க ஜூனியர்ஸுக்கு அடுத்த வருஷம் இங்கே இடம் வேணுமா, வேண்டாமா?"னு மட்டும் கேட்டார்.

வெளியே வந்ததும் என் ஜோடி, "போட்டுக் கொடுத்துட்டேல்ல?"ன்னான். அதோட பேச்சு நின்னுச்சு. மூணு வருஷ ரூம்மேட்!

அதே ஐ.சி.யூ.வில் போஸ்டிங் வர்ற ஒரு நர்சிங் ஸ்டூடன்ட்கிட்ட இதைப் புலம்பினேன். அவங்க சிரிச்சாங்க. அவங்க பேட்ச்லயும் கையில பட்டையைச் சுத்தாமலே பி.பி. 120/80-னு எழுதுற தோழி உண்டாம். "என்ன பண்ணுவீங்க?"னு கேட்டேன். "முதல்ல தனியா கூப்பிட்டு, 'வா, நானும் வரேன், இப்பவே பார்த்துட்டு எழுதலாம்'ம்பேன். பாதி நாள் வந்துடுவா. வரலைன்னா இன்ஸ்ட்ரக்டர் மேடம்கிட்ட போயிடுவேன். ஆனா, அவ எழுதினதுல என் கையெழுத்து மட்டும் விழாது"ன்னாங்க.

சுருக்குனு இருந்துச்சு. நான் செஞ்சது நேர் தலைகீழ். அவன்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லலை. கையெழுத்தையும் போட்டுட்டு, மாட்டினப்புறம்தான் உண்மை பேசினேன். அவனுக்குக் கோபம் வராம என்ன செய்யும்? உங்க ஜோடியும் இப்படி ஷீட்டை நீட்டினா, அந்தக் கேன்டீன் போற அஞ்சு நிமிஷத்துலயே சொல்லிடுங்க பாஸ். மறுநாள் சார் ரூம்ல சொல்றது ரொம்பக் காஸ்ட்லி.

17 பம்பையும் நாங்க ரெண்டு பேரும்தான் திரும்ப அளந்தோம். ரெண்டு நாள் ஆச்சு. 24.2, 25.4, 24.6... எல்லாமே வரம்புக்குள்ளே. ஒண்ணுலகூடக் கோளாறு இல்லை! பதினாறாவது பம்புல சொட்டைப் பார்த்துக்கிட்டே அவன் முதல் தடவையா வாயைத் திறந்தான். "பார்த்தியா, எல்லாம் ஓகேதானே? இதுக்கா இவ்ளோ சீன்?"

எனக்குப் பதில் வரலை.

"சரி, ஸ்டாப்வாட்சைப் பாரு. 15 ஆகப்போகுது"ன்னான்.