மர அணிலும் ஒற்றைக்குழல் துவக்கும்

கலஹா வீதியில் எனக்கு நெடுநாட் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். ஒரு ஏக்கருக்கும் குறைந்த காணி. பலா, ஈரப்பலா, தென்னை, மிளகு, கராம்பு, ஒரு மூலையில் வாழை என்று கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டமொன்றில் இருக்கவேண்டிய யாவும் அதில் உண்டு. இல்லாதது விளைச்சல் மட்டுமே. சென்ற மாதம் அவரைக் காணச் சென்றபோது, தேநீர் வருமுன்பே ஒரு கோப்பை என்முன் வைத்தார்.

"தம்பி, துவக்கு ஒன்றுக்கு விண்ணப்பம் போடவேண்டும். சிங்களத்தில் ஒரு நல்ல கடிதம் எழுதித் தாருங்கள்."

நான் சிறிது திகைத்தேன். எறும்புப் புற்றைக்கூட விலகி நடப்பவர் அவர். ஆனால் அவர் காட்டிய தென்னையின் அடியில் குரும்பைகள் சிதறிக் கிடந்தன. பாதியைத் துளைத்தது மர அணில், மீதியைப் பறித்தெறிந்தது குரங்கு. மரவள்ளியையும் இராசவள்ளியையும் பன்றி கிளறிவிட்டுப் போயிருந்தது. அந்த ஆண்டு தாம் உரித்த தேங்காய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். மிகையாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் பலாமரக் கிளையில் மர அணில் ஒன்று வந்து அமர்ந்தது. பூனையளவு உடல், உடலைவிட நீண்ட வால். கிளையொன்றில் முன்கால்களால் எதையோ பிடித்துக்கொண்டு, பாடசாலைப் பிள்ளை பலகாரம் தின்பதுபோலத் தின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் எம் உறவினர்கள் இதைக் கண்டால் புகைப்படக் கருவியைத் தேடி ஓடுவார்கள். பெரியவரோ கல்லைத் தேடினார்.

இதே இன அணிலுக்காகத் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், 1988இல் ஒரு சரணாலயமே அமைத்தார்கள். சாம்பல் நிற அணில் சரணாலயம் என்று பெயர். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. கடலுக்கு அப்பால் அபூர்வப் பிராணி, இப்பால் பயிர்க் கள்வன். அணில் மாறவில்லை. அதன் வாசலில் இருக்கும் மனிதனின் வயிறுதான் வேறு.

இலங்கை அரசின் கணக்கிலும் அது கள்வன்தான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை, ஐந்தே நிமிடம், நாடு முழுவதும் மக்கள் தத்தம் தோட்டங்களில் நின்று குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். செங்குரங்குகள் மாத்திரம் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று முடிவு வந்தது. ஒரே கூட்டத்தை நான்கு தோட்டக்காரர் எண்ணினால் நான்கு கூட்டமாகும் என்பதை எந்தப் புள்ளிவிபரவியலாளரும் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருளில் மூழ்கியது என்று மின்சக்தி அமைச்சர் அறிவித்திருந்தார். அப்போது எம் நாட்டில் குரங்குக்கு இருந்த செல்வாக்கை என்னவென்பது!

2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அன்றைய விவசாய அமைச்சர் முன்வைத்தார். மிருகக்காட்சிசாலைகளுக்கு என்றார்கள். ஆய்வுகூடங்களுக்கோ என்று ஐயுற்றவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். அவ்வாண்டு ஜூனில் ஏற்றுமதி இல்லை என்று அரசு தரப்பு நீதிமன்றில் கூறியது. இந்தியா 1978இலேயே குரங்கு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தலையுச்சியில் மயிர் தொப்பிபோலச் சுழன்று படிந்திருக்கும் இந்தக் குரங்கு உலகில் வேறெங்கும் இல்லை. அழிவாபத்தில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியல் சொல்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அந்தப் பட்டியல்காரர் வந்து எனக்குத் தேங்காய் வாங்கித் தரட்டும்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கண்டியில் வேட்டைக்கு எதிரான மரபு ஒன்று உண்டு என்று சுற்றுலா வழிகாட்டிகள் உடவத்தைக்கெலையைக் காட்டிச் சொல்வார்கள். அக்காடு அரண்மனைக்குப் பின்னால் இருந்த, குடிமக்கள் நுழையக்கூடாத காடு. தப்பியதற்குக் காரணம் கருணையோ மன்னனின் உரிமையோ, நாம் அறியோம். 1856இல் ஆங்கிலேயர் அதை ஒதுக்கக் காடாக்கினர். 1938இல் சரணாலயமாயிற்று. இன்று தலதா மாளிகைக்குப் பின்புறம் நூறு ஹெக்டயர் அளவில் நிற்கிறது. அதே ஆங்கிலேயர்தான் மலைநாட்டில் வேட்டையை வீர விளையாட்டாக்கினார்கள். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்வர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. காட்டில் எஞ்சியிருந்த யானைகள் மின்னலுக்கு நன்றி கூறியிருக்கும் என்பது என் சொந்தக் கற்பனை.

துவக்குக்கு இங்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. அமெரிக்காவைப்போல் அது குடிமகனின் உரிமை அன்று. அரசு தரும் சலுகை. ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், பொலிஸ், கச்சேரி என்று ஏறி இறங்கவேண்டும். நல்லதுதான். ஆனால் சட்டத் துவக்கின் வழி கடினமாகையால் சட்டத்துக்கு வெளியே உள்ளவை பெருகிவிட்டன. மரத்தில் கட்டி, பாதையில் நூலிழுத்து வைக்கும் கட்டுத்துவக்கு, பன்றியென்று மனிதனின் முழங்காலைச் சுடும். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த 'ஹக்கபட்டாஸ்' யானைக் கன்றின் தாடையைச் சிதைக்கும். அது பட்டினியால் பல நாள் கிடந்து சாகும். சத்தமேயில்லாத கம்பிச் சுருக்கு இன்னும் மோசம். 2020 மே மாதம் மஸ்கெலியா, நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிச் சிக்கி, மூன்று நாளில் உடவளவையில் இறந்தது. பன்றிக்கு வைத்த சுருக்கு. இவற்றை வைப்போரில் பலர் நம்மவர், கொடியவர் அல்லர், மரக்கறித் தோட்டத்தை நம்பியவர்கள்.

கடிதத்தை எழுதத் தொடங்கினேன். "முன்னர் உங்களிடம் துவக்கு இருந்ததா?" என்று கேட்டேன். விண்ணப்பத்தில் அது உதவும் என்ற எண்ணம். பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை.

இருந்ததாம், அவருடைய தந்தையாரிடம். ஒற்றைக்குழல். 1988இன் இறுதியில் ஒரு மழை இரவு, முகத்தை மறைத்த இளைஞர்கள் நால்வர் வந்தார்கள். அக்காலத்தில் மலைநாடெங்கும் வீட்டுத் துவக்குகளை அவர்கள் திரட்டினார்கள். நானும் அப்போது பேராதனையில் மூடிக் கிடந்த பல்கலைக்கழகத்தின் மாணவன். அவர்களில் சிலரை அறிந்தே இருப்பேன். தந்தையார் எதிர்க்கவில்லை. தோட்டாப் பெட்டியையும் கேட்டு வாங்கினார்களாம். மறுநாள் பொலிஸில் முறையிட்டவரை, நீயே கொடுத்தாய் என்று மூன்று நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் அவர் துவக்கைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது சுடப்பட்டார் என்று செய்தி வரும்போதெல்லாம் வானொலியை நிறுத்திவிடுவார்.

"அது யாரைச் சுட்டதோ தம்பி, பன்றியைச் சுடுவதற்குத்தான் அப்பா வாங்கினார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். அவர் விடவில்லை. "எழுதுங்கள்" என்றார். எழுதினேன். என்னென்ன பிராணிகளால் சேதம் என்று வரிசைப்படுத்தும் இடத்தில் நான் பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு, மர அணில் என்று எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். அவர் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, கடைசி இரண்டையும் வெட்டச் சொன்னார்.

"குரங்குக்கு வெடிச்சத்தம் போதும். அந்தப் பயல் அணிலுக்கு அதுவும் வேண்டாம்."

கடிதம் இன்னும் கிராம உத்தியோகத்தரின் மேசையில் இருக்கிறது. நேற்றுத் தொலைபேசியில் அழைத்து, குரும்பைகளைப்பற்றி இன்னொரு முறை அரைமணி நேரம் குறைபட்டார்.